கையெழுத்துக்கு மேலே

ஒரு மனுஷர் வெட்கப்படுவதற்குப் பத்தொன்பது வருஷம் எடுத்துக்கொண்டால் அவரை என்னவென்று சொல்வது? நல்லவர் என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்த்தவர். புகாரோ வாக்குமூலமோ குற்றப்பத்திரிகையோ, எழுதுவது அவர்தான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் ரைட்டர் என்ற பேர் அவரை விடவில்லை.

டிவியில் போலீஸ் ஸ்டேஷன் வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகப் படம் பார்க்க முடியாது. இன்ஸ்பெக்டர் பெல்ட் தப்பு, லாக்கப் பூட்டு தப்பு என்று ஆரம்பித்துவிடுவார். மனைவி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அவர் குரலைக் கூட்டுவார். அவருடைய பெரிய குறை, எந்தப் படத்திலும் ரைட்டரைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான். காட்டினாலும் தொப்பையும் தூக்கமுமாக ஒரு ஆளை மூலையில் உட்காரவைத்து நாலு பேரைச் சிரிக்க வைப்பதோடு சரி. பொய்க்கேஸ் போடும் காட்சி என்றால் இன்ஸ்பெக்டர் உறுமுவார், வெளியே இடி இடிக்கும், வாசலில் ஒருத்தி விழுந்து புரள்வாள். “இவ்வளவு சத்தத்துல எவன் உட்கார்ந்து எழுதுவான்?” என்பார் ரைட்டர். வீடே சிரிக்கும்.

மகளுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. அங்கே வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். எழுதி இயக்குவது இவள்தான். இந்தத் தடவை, செய்யாத திருட்டுக்காகப் போலீஸ் பிடித்துப்போகும் ஒரு வாட்ச்மேனின் கதை. ஒத்திகைக்கு வந்து தப்பு இருந்தால் திருத்தித் தர வேண்டும் என்று அப்பாவைக் கேட்டாள். ரைட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார். மகளுக்கும் பெருமைதான். அப்பா யாரிடமும் கைநீட்டி ஒரு பைசா வாங்காதவர் என்று அவள் சொல்லாத ஆள் அந்த ஆபீஸில் கிடையாது. அது பொய்யும் இல்லை.

ஆபீஸ் கேன்டீனில் மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு ஒத்திகை நடந்தது. இன்ஸ்பெக்டர் வேஷம் கேஷியருக்கு. சல்யூட் அடிப்பது எப்படி, விலங்கு மாட்டியவனை எந்தப் பக்கமாக நடத்திப்போவது என்று ரைட்டர் சொல்லச் சொல்ல எல்லோரும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்தது வாக்குமூலக் காட்சி. வாட்ச்மேனாக நடித்த பியூன், எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

“அப்படி இல்லப்பா” என்று ரைட்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “கையெழுத்துதான் முதல்ல. வெத்துத் தாள்ல, அடியில வாங்கிடணும். அப்புறம் மேலேருந்து நிதானமா எழுதிக்கிட்டு வரணும். இடம் பத்தலேன்னா கடைசி நாலு வரியைப் பொடிசா எழுதிடலாம். அதுலதான் வித்தையே இருக்கு.”

கேஷியர் அடேயப்பா என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு, மேடைக்கு வேண்டிய தாளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பியூன் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெத்துத் தாளில் எழுதினார். மகள் தந்த நாடகப் பிரதி பக்கத்திலேயே கிடந்தது, அவர் அதைப் புரட்டவே இல்லை. பேனா அது பாட்டுக்கு ஓடியது. கால் மணி நேரத்தில் முடித்து, கடைசி நாலு வரி பொடி எழுத்தாக இறங்கிக் கையெழுத்தின் தலையில் இடிக்காமல் நின்றதைப் பார்த்துத் திருப்தியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

மகள் வாங்கிப் படித்தாள். அதில் வாட்ச்மேன் யாரும் இல்லை. சைக்கிள் கடை நடத்தி வரும் நான், யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இன்றி, மாலை ஐந்து மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஏறிக் குதித்து, தண்ணீர் மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டி என்று போயிற்று. திருட்டு நடந்த தேதியும் அதில் இருந்தது.

இது நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரருடைய கேஸ்தானே என்று கேட்டாள். ஏதோ பழக்கத்தில் கை எழுதிவிட்டது என்றார் அவர். பழக்கத்துக்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி எப்படி ஞாபகம் இருக்கும்? அவருக்கே அந்தப் பதில் அசட்டுத்தனமாகப் பட்டது.

“இது என் பிறந்த நாளுக்கு மறுநாள்ப்பா. புது சைக்கிளை சாக்கடையில விட்டுட்டு வந்து அழுதேன். ரிம்மை நிமிர்த்த நீங்கதான் அவர் கடைக்குத் தள்ளிட்டுப் போனீங்க.” மகள் தாளை மேஜையில் வைத்தாள். “எத்தனை மணிக்குப் போனீங்க?”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது, மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு மணிக்கு” என்றார் ரைட்டர். “ஆறரை வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.”

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். பள்ளிக்கூட நிர்வாகி பெரிய இடம், வெள்ளிக்கிழமைக்குள் கேஸை முடிக்கச் சொல்லி அவர் இன்ஸ்பெக்டரின் தலையில் ஏறி உட்கார்ந்தார், மறுத்திருந்தால் என்னை எங்கேயோ தூக்கியடித்திருப்பார்கள், நீ அப்போது ஆறாம் வகுப்பு. எல்லாம் நடந்ததுதான். ஆனால் சொல்லச் சொல்ல, தானே கிண்டல் பண்ணிய படங்களில் வரும் வசனம் மாதிரிதான் அவர் காதிலேயே விழுந்தது. அந்த மனுஷருக்கு ஒரு வருஷம் ஜெயில். தீர்ப்பு நாளில் கூண்டிலிருந்து அவர் ஒரே ஒரு தடவை இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் ஃபைலில் ஏதோ பக்கம் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். யாரும் கேட்காமலே இதையும் சொன்னார்.

மகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. “நானும் அவரைத் திருடன்னு சொல்லியிருக்கேன்ப்பா” என்றாள். “கிளாஸ் முழுக்க சொன்னேன். எங்கப்பாவே எழுதியிருக்கார்னு சொன்னேன்.”

லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவன்தான் தலைகுனிய வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர் ரைட்டர். அன்றைக்கு மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். காயாததையும் சேர்த்து மடித்துவிட்டார் என்று மனைவி பிறகு பார்த்தாள். ஈரமாக இருந்ததை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

நாடகத்தன்று சாயங்காலம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் ரைட்டர் வேஷத்தை மாற்றி எழுதியிருந்தாள். தொப்பை இல்லை, தூக்கம் இல்லை. ஒல்லியாக, சுத்தமான சட்டையோடு ஒருவர் வந்தார். வாட்ச்மேனைத் தோளில் தட்டி உட்காரவைத்தார். தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு எழுத ஆரம்பித்தார். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. அரங்கம் கப்சிப் என்று ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், இன்ஸ்பெக்டரைவிட இவன்தான்யா மோசம் என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். ரைட்டருக்குக் காது மடல் சுட்டது.

கடைசிக் காட்சியில் வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, கையெழுத்தை நெருங்க நெருங்க எழுத்து ஏன் இப்படிச் சிறுத்துப்போகிறது என்று கேட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாட்ச்மேன் விடுதலை. நிஜக் கோர்ட்டில் அந்தப் பக்கத்தை நீதிபதி புரட்டிய வேகத்தில் பொடி எழுத்தாவது பெரிய எழுத்தாவது. அன்றைக்கு அங்கே பயந்து வியர்த்துப்போய் நின்றது ரைட்டர் ஒருவர்தான். மேடையில் நன்றி சொன்னபோது அவர் பேர் வரவில்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டார், அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டார்.

மறுநாள் காலையில் அவரே கிளம்பினார். ஜெயிலிலிருந்து வந்தபின் சைக்கிள் கடைக்காரர் பஸ் டிப்போ பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பது அவருக்குத் தெரியாததல்ல. இத்தனை வருஷமாக அந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காகவே இரண்டு ஸ்டாப்பிங் முன்னால் இறங்கி நடந்தவர் அவர்.

கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்க ரைட்டர் சார்” என்று முக்காலியை இழுத்துப் போட்டார். ரைட்டர் உட்காரவில்லை. அந்தக் காலத்தில் நீ, வா, போ என்று பேசியவருக்கு இன்றைக்கு நீங்கள் என்று கூப்பிடவே நாக்கு தடுமாறியது.

“அன்னிக்கு நான் உங்க கடையிலதான் நின்னேன். தெரிஞ்சேதான் எழுதினேன்.”

“தெரியும் சார்” என்றார் கடைக்காரர். டியூபைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அமுக்கினார்.

ரைட்டரிடம் ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. பத்தொன்பது வருஷமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தார். தான் எழுதியது தப்புதான், ஆனால் கையெழுத்து வாங்கியது இன்ஸ்பெக்டருடைய லத்தி. அதை இப்போது கேட்டுவிட்டார்.

“இன்ஸ்பெக்டர் அடிச்சதுனாலதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அடிச்சப்ப போடலை சார்” என்றார் கடைக்காரர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டு நாளும் முடியவே முடியாதுன்னுட்டேன். மூணாம் நாள்தான் நீங்க லீவு முடிஞ்சு வந்து உட்கார்ந்தீங்க. டீ வாங்கிக் குடுத்தீங்க. சார் அந்த நேரம் பூரா நம்ம கடையில நின்னவராச்சே, எழுதப்போறது அவர்தானேன்னு நம்பிப் போட்டேன்.”

ரைட்டர் முக்காலியில் உட்கார்ந்தார்.