ஒரே பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய்

பத்மநாபசுவாமி கோவில் வரிசையில், சன்னதிக்குக் கொஞ்சம் முன்னால் என் வேட்டி அவிழ்ந்தது. அவிழ்ந்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அது வெல்க்ரோ ஒட்டு வைத்த வேட்டி. பின்னால் நின்றவர் நுனியை மிதித்துவிட்டார், 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாகர்கோவில்காரன், முப்பத்தெட்டு வயது, பிளஸ் டூ பாஸ், வேட்டி கட்டத் தெரியாது. இங்கே பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்: முகம், நாபி, பாதம். நான் மூன்று வாசலிலும் என் இடுப்பைத்தான் பார்த்தேன். "அப்பா, எல்லாரும் பாக்காங்க" என்று என் மகள் மீனு வேறு அறிவிப்புக் கொடுத்தாள்.

அது இரண்டாம் நாள் கதை. முதலிலிருந்து வருகிறேன்.

இந்த மே மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருவனந்தபுரம் போய் வந்தோம். நான், மனைவி செல்வி, ஆறு வயது மீனு. அக்கம்பக்கத்தில் 'டூர்' என்று சொன்னோம், மீனுவிடமும் அப்படியே. உண்மை வேறு. செல்வி லேப் டெக்னீசியன். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. அதே ஏஜெண்ட் எனக்கும் அங்கே ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த விசாவில் இரண்டு வருடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. அதனால் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கும் செல்வியின் அக்கா வீட்டில் மீனுவை விட்டு, ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசனை. திங்கட்கிழமை ஏஜெண்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று நாங்கள் இருவரும் ரொம்ப நியாயமாகப் பேசிக்கொண்டோம். ஆனால் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதில் டூர் கூட்டிப் போனோம்.

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். சுமார் எழுபது கிலோமீட்டர். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது, பஸ்ஸில் வாந்தி நிச்சயம். ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி மிருகக்காட்சி சாலைக்கு ஆட்டோ பிடித்தோம். மூன்றரைக் கிலோமீட்டர், மீட்டர்படி எண்பது ரூபாய். மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோவைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது.

"மோளுக்கு எந்து காணணும்? சிங்கமா?" என்று கேட்டார் டிரைவர்.

"நீர்யானை" என்றாள் மீனு.

"அய்யோ! அது எப்பவும் வெள்ளத்துக்குள்ளல்லே கிடக்கும். நல்ல பொறுமை வேணும், கேட்டோ."

அவர் சொன்னது சரி. குட்டையில் தேயிலைத் தண்ணி நிறத்தில் தண்ணீர், அதில் இரண்டு காது, ஒரு மூக்கு. மீதி நீர்யானையை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். மீனு கம்பியைப் பிடித்து நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"அது வெளிய வரும்ப்பா. கொஞ்ச நேரம் நிப்போம்."

சாயங்காலம் தீனி வைக்கும்போது கரையேறும், நாலு மணிக்கு வாருங்கள் என்றார் அங்கே வேலை பார்க்கும் ஒருவர். செல்வி வாட்சைப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆபீஸ் சனிக்கிழமை ஒரு மணி வரைதான்.

"நாலு மணிக்குத் திரும்ப வருவோமா?" என்றாள் மீனு.

"வருவோம் மக்ளே" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு 'சும்மா ஒருத்தரைப் பாக்க' என்று சொல்லிக் கூட்டிப் போனோம். செல்வியின் அக்கா, மீனுவின் பெரியம்மாவும் அங்கே வந்திருந்தாள். திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருடம், பிள்ளை கிடையாது. மீனு என்றால் உயிர். ஆபீஸ் அம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "மோளுடெ பேரெந்தா?" என்றார். மீனு இனிஷியலோடு சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். மீனு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எம் பேர எதுக்குப்பா எழுதுறாங்க?"

"சும்மா மக்ளே."

சும்மா யாராவது பேர் எழுதுவார்களா? ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

நாலு மணிக்கு நாங்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போகவில்லை. சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். பக்கத்திலேயே விமான நிலையம், மணலில் நின்றால் தலைக்கு மேல் விமானம் போகும். செல்விக்கு அதைப் பார்க்க வேண்டும். எனக்கும்தான். இதுவரை நான் விமானத்தை வயிற்றுப் பக்கம் மட்டுமே பார்த்தவன். நீர்யானையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். கடலை வாங்கிக் கொடுத்தோம். குளிக்க இறங்க வேண்டாம், அலை பொல்லாதது, கரையும் பாதி அரித்துப் போயிருக்கிறது.

ஒரு விமானம் தாழ்வாகப் போனது. செல்வி அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. மீனு விமானத்தைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏரோப்ளேன்ல சின்னப் பிள்ளைங்க ஏறலாமா?"

"ஏறலாமே."

"பின்ன ஏன் எம் பேர மட்டும் ஸ்கூல்ல எழுதுனீங்க?"

கடற்கரையில் ஒரு வசதி, அலைச் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நிற்கலாம். நான் அப்படி நின்றேன். கூட வந்திருந்த பெரியம்மாதான் குனிந்து மீனுவின் கன்னத்தைப் பிடித்தாள். "மோளே, நீ இங்க இருந்தா வாரா வாரம் நீர்யானை காட்டித் தாரேன், கேட்டோ?"

மீனு கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்து அவளிடம் கொடுத்தாள். "எனக்கு நீர்யானை வேண்டாம் பெரியம்மா."

ஞாயிறு காலை கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் போக வேண்டும், சுடிதார் போட்ட பெண்கள் மேலே ஒரு வேட்டி சுற்றிக்கொள்ள வேண்டும். செல்போனும் பையும் வெளியே லாக்கரில். என் வேட்டி விவகாரம் முன்பே சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பழவங்காடி கணபதி கோவில். காரியத் தடை விலகத் தேங்காய் வாங்கி எறிந்து உடைப்பது அங்கே வழக்கம். நினைத்ததை வேண்டிக்கொண்டு, முழு பலத்தோடு எறிய வேண்டும். சத்தத்துக்கே பாதித் தடை ஓடிவிடும்போல.

செல்வி ஒரு தேங்காய் வாங்கிக் கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. எறிந்தாள், ஒரே அடியில் தூள்.

"எனக்கும் ஒரு தேங்கா" என்றாள் மீனு.

எங்களுக்குச் சந்தோஷம். பிள்ளை கொஞ்சம் தெளிந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம். அவள் தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். மனதுக்குள் வேண்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பிள்ளையாரே, எங்கம்மாவும் அப்பாவும் ஏரோப்ளேன் ஏறப்படாது!"

தேங்காய் உடையவில்லை, உருண்டு போனது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். மறுபடியும் அதே வேண்டுதல், இன்னும் சத்தமாக. மறுபடியும் உருண்டது. நின்றவர்களுக்கு வேடிக்கை. "ஒந்நுகூடி, இன்னொரு தடவ எறி மோளே! பலமா எறி!" என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். மூன்றாவது தடவை உடைந்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள். மீனு சிரிக்கவில்லை. வேலை முடிந்த ஆள் மாதிரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

தேங்காய்க் கடைக்காரர் தமிழ்க்காரர்தான். "என்ன சார், ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு கேஸா? கணபதி யாரு பக்கம் தீர்ப்புச் சொல்லுவாரு?" என்று சிரித்தார். "சாருக்கு ஒண்ணு தரட்டா?"

"நான் பை பிடிக்க வந்த ஆளு" என்றேன். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மிருகக்காட்சி சாலைக்குத் திங்கள் விடுமுறை. நீர்யானை பார்க்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள், அதற்குப் பிறகு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. 'மறுநாள்' என்று சொன்ன நாளில் மீனு கேட்கவும் இல்லை. மேயில் சாயங்காலம் மழை வரும், குடை வேண்டும். கோவிலுக்கு ஒட்டு வேட்டி வேண்டாம். பிள்ளையோடு போனால் பிள்ளைக்கு ஒரு நாள், உங்களுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாளைப் பிரிக்கலாம். இரண்டு வருடத்தை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

திரும்பி வர ரயில் கிடைக்காமல் தம்பானூரிலிருந்து பஸ். ஞாயிறு நெரிசலில் இரண்டரை மணி நேரம் ஆனது. களியக்காவிளை தாண்டும்போது மீனு என் மடியில் தூங்கிவிட்டாள். வாந்தி எடுக்கவில்லை.

"நாளைக்கு ஏஜெண்டுட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றாள் செல்வி. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு தடவ ஓடிப்போய் எடுத்துட்டு வந்தா, பாத்தியளா. அதுக்கு மேல நான் எந்தச் சாமிட்ட போய் நிக்கது?"

நான் மீனுவின் தலையைச் சரியாக வைத்தேன்.

"நீங்க எனக்காகத்தான் சரின்னு சொன்னிய, எனக்குத் தெரியும். உங்களுக்கு இதுல பெரிய ஆசை கிடையாது. வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்றேன்.

வேண்டாம்னு சொல்லிராத செல்வி, உன்னைவிட எனக்குத்தான் போகணும் என்று நான் சொல்லவில்லை.