ஃபீஃபியின் இசைத்தட்டு

சால்ட்பாண்ட் கடற்கரையில் மீன் புகைபோட்டு விற்கும் அராபாவுக்கு ஒரே அண்ணன். பெயர் ஃபீஃபி, சாக்ஸபோன் ஊதுகிறவன். பிழைக்க நைஜீரியாவின் லாகோஸ் நகரம் போனவன், அங்கே ஆஃப்ரோபீட் இசைக்குழு ஒன்று சேர்த்து ஒரேயொரு இசைத்தட்டு போட்டான். யாரும் வாங்கவில்லை. எண்பத்து மூன்றில் நைஜீரியா வெளிநாட்டுக்காரர்களைப் போகச் சொன்னபோது, ஊர்ப் பிள்ளைகள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். ஃபீஃபி வரவில்லை.

அண்ணனுக்குச் சாவுச் சடங்கு செய்யச் சொல்லி அராபா கேட்காத வருஷமில்லை. குடும்பத் தலைவரான தாய்மாமன் குவேகு அசையவில்லை. உடல் இல்லாவிட்டால் தலைமுடி, அதுவும் இல்லையென்றால் நகமாவது ஊர் மண்ணுக்கு வரவேண்டும் என்பார். அடுத்தவர் துக்கங்களுக்குக் கறுப்புத் துணி உடுத்திப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாள் அராபா. அழமாட்டாள்.

போன மாதம் கயோடே என்ற பழைய இசைத்தட்டு வியாபாரி லாகோஸிலிருந்து அவளைத் தேடி வந்தான். மூடிப்போன ஒரு கடையின் குப்பையில் ஃபீஃபியின் தட்டு கிடைத்ததாம். மறுபடி வெளியிடக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். தட்டை முழுவதும் போட்டுக் கேட்ட அராபா, மறுநாள் அவனை மாமா வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

“நகம்தானே கேட்டீங்க மாமா? அண்ணன் மூச்சே வந்திருக்கு.”

“ஏன்டி, புகையில உக்காந்து மூளையும் கருகிடுச்சா? பாட்டைப் புதைக்கச் சொல்றியா?”

“கேட்டுட்டுத் திட்டுங்க.”

கயோடே கையோடு கொண்டுவந்த பெட்டியில் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தான். முரசும் கிதாரும் ஏறிக்கொண்டே போய், ஃபீஃபி உள்ளே வந்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

மாமா பெட்டியருகே குனிந்தார். “மூச்சு விடுறான்டி இவன். மூச்சு விடுறவனுக்கு நான் எப்படிச் சாவு எடுக்க?”

“நேத்து இதைக் கேட்டப்ப நானும் அப்படித்தான் மாமா நெனச்சேன். முழுசாக் கேளுங்க.”

பாதியில் சாக்ஸபோன் நின்றது. தாளம் நிற்கவில்லை.

“திரும்ப வருவான்ல?” என்றார் மாமா.

முரசு ஓடியது. பெண்களின் குரல் வந்தது, போனது. கிழவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து காத்திருந்தார். தட்டு முடியும்வரை அவன் வரவில்லை.

“நிறுத்துப்பா” என்றார் மாமா. மதுப்புட்டியை எடுத்து, போன முன்னோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கடைசியாக ஃபீஃபியையும் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை வச்சுக்கலாம்.”

அராபா வாயைத் திறந்து ஓலமிட்டாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். யார் போனது என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராக வீட்டுக்குள் வந்தார்கள்.