பத்து மெமரி போர்டும் ஒரு சிவப்பு ஐசியும்

எங்கள் எஸ்டேட் ஆபீஸின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் நின்றது. மேசைமேல் உட்காரும் சாதி இல்லை அது. என் உயரத்துக்கு, ஐஸ்பெட்டி மாதிரி இரும்புக் கதவோடு நின்றது. கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு மெஷின்களை, நான் பிறப்பதற்கு முன்பே லோரியில் ஏற்றி எங்கள் தேயிலை மலைக்கு அனுப்பிவிட்டார்களாம். ஒன்று வேலை பார்த்தது. மற்றது அதற்கு உதிரி சாமான் கொடுத்துக் கொடுத்தே எலும்புக்கூடாகி, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி குடையும் மழைக்கோட்டும் மாட்டும் இடமாக ஆனது.

நல்லதாக இருந்த ஒன்றும் இரண்டு வருஷத்துக்கு முன் படுத்துவிட்டது. உள்ளே இருந்த மெமரி போர்டுகள் மலைக் குளிரிலும் ஈரத்திலும் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. அதற்குள் ஆபீஸுக்குப் புது லேப்டாப் வந்துவிட்டதால் யாரும் அழவில்லை. பெரிய மெஷினை பிளாஸ்டிக் பையால் மூடிவைத்தார்கள். பிறகு ஒரு புதன்கிழமையன்று, வரும் சனிக்கிழமை காலை பழைய சாமான் எடுக்கும் பெசி புருக் லோரி வந்து இரண்டையும் பழைய இரும்பு விலைக்கு எடுத்துப்போகும் என்று துரை சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே பெரியம்மா கம்போங் ராஜாவில் இருக்கும் என் கடைக்கு வந்தாள். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். காய்கறி விதை விற்கும் கடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், பத்திருபது செத்த போன்கள். என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் தகராறு. அதன் பிறகு ஈப்போவில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடையில் இரண்டு வருஷம் ஏச்சு வாங்கினேன். அதுதான் என் பட்டம்.

பெரியம்மா எங்கள் பக்கத்து வீடு. கொழுந்து எடுத்துவிட்டு வந்த தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"டே, நீதான் பெரிய கம்ப்யூட்டர் டாக்டராமே. வந்து அந்த மெஷினப் பாரு."

"நான் போன் டாக்டர், பெரியம்மா. அது யானை. யானைக்கு வேற ஆளு."

"ஈப்போவுல ரெண்டு வருஷம் என்னாடா செஞ்ச? ஈ ஓட்டுனியா?"

"அதுவும் செஞ்சேன்லா."

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு குட்டு விழும். அதற்குப் பதிலாகச் சட்டைக்குள்ளிருந்து தன் அடையாள அட்டையை, அந்தச் சிவப்பு ஐசியை, எடுத்து, செத்த போன்களுக்கு நடுவே வைத்தாள்.

அவள் பிறந்தது இதே எஸ்டேட்டில். பதின்மூன்று வயதில் கூடை மாட்டியதும் இங்கேதான். ஆனால் பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் கையில் இருப்பது சிவப்பு ஐசி; இங்கே குடியிருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று அர்த்தம். பாஸ்போர்ட் கிடையாது. மகள் சிங்கப்பூரில் கல்யாணம் கட்டி, பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவனைப் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள். குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல ஐசிக்கு மூன்று தடவை மனு கொண்டுபோய், மூன்று தடவையும் 'எஸ்டேட்டில் பிறந்ததற்குச் சான்று எங்கே' என்ற கேள்வியோடு கௌண்டரிலிருந்தே திரும்பியவள். எஸ்டேட்டின் பழைய பிறப்புப் புத்தகம் ஸ்டோரில் ஒழுகிய தண்ணீரில் ஊறி, பக்கமெல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. அதை அந்தக் காலத்தில் யாரோ ஒரு சின்னக் கிராணி முழுசாக மெஷினில் தட்டி ஏற்றிவைத்தார் என்பது மட்டும் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

"சனிக்கெழம லோரி வந்துச்சுன்னா, நான் பொறந்ததும் அதோட போயிரும்டா," என்றாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

துரை என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜர் கிள்ளானிலிருந்து வந்த நம்மாள்தான். ஜப்பான் சிலிப்பர் போட்டு ஆபீஸுக்கு வருவார். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் துரைதான். "வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாத்துக்க. கரண்ட வெடிக்க வச்ச, ஒன்னையும் சேத்து லோரியில ஏத்திருவேன்," என்றார்.

"எடைக்கு நான் தேறமாட்டேன் துரை."

"வாய் மட்டும் ரெண்டு கிலோ வரும். போடா."

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கால மெஷினுக்கு மெமரி போடுவது, இப்போது போனில் கார்டு செருகுவது மாதிரி இல்லை. ஒவ்வொரு போர்டும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். ஓரத்தில் நான்கு குட்டிப் பொத்தான்கள். அவற்றை மேலேயும் கீழேயும் தள்ளி, 'நீ இத்தனாம் நம்பர்' என்று ஒவ்வொரு போர்டுக்கும் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். கரண்டு வந்ததும் மெஷின் செய்யும் முதல் காரியம், காலையில் கங்காணி எடுக்கிற பெரட்டு மாதிரிதான். வரிசையாகக் கூப்பிட்டு ஆள் எண்ணும். சுழியத்தில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று கூப்பிடும். அந்தந்த நம்பர் போர்டு 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். ஒரே நம்பருக்கு இரண்டு பேர் குரல் கொடுத்தால் குழம்பி நின்றுவிடும். ஒரு நம்பருக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை என்றால், அதோடு ஆள் முடிந்தது என்று பெரட்டைக் கலைத்துவிடும். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதையும் ஈப்போவில் இரண்டு போர்டைச் சுட்டுக் கருக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

டிஸ்கில் இருக்கும் பிறப்புப் புத்தகத்தைத் திறக்கப் பத்துப் போர்டு வேண்டுமென்று மெஷினின் கதவுக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. அதன் கீழே, எந்த நம்பருக்கு எந்தப் பொத்தான் மேலே எது கீழே என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உயிரோடு இருந்த ஆறு போர்டுகளைக் கழற்றினேன். எலும்புக்கூட்டிலிருந்து நான்கு தேறின. பத்துப் போர்டின் ஓரத்து உலோகப் பல்வரிசையையும் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் அந்த ரப்பரை இவ்வளவு உழைக்க வைத்ததில்லை. மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று.

பொத்தான் தள்ளும்போது கிராணி கதவருகே நின்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். முப்பது வருஷமாக வீட்டு லிஸ்ட் படித்த அதே ராகம்.

"சுழியம்: கீழ, கீழ, கீழ, கீழ. ஒண்ணு: கீழ, கீழ, கீழ, மேல..."

நான் பல்குச்சியால் தள்ளிக்கொண்டே போனேன். பத்தும் முடிந்தது. செருகினேன். கரண்டு போட்டதும் பேக்டரி விசிறி மாதிரி ஒரு இரைச்சல். தேயிலைத் தூசியும் கரப்பான் நாற்றமும் கிளம்பின. ஆபீஸ் விளக்கு ஒருமுறை மங்கியது. துரை தன் அறையிலிருந்து என் பேரைச் சொல்லிக் கத்தினார். திரையில் பச்சை எழுத்து வந்தது.

எட்டுப் போர்டு இருக்கிறதாம். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால், மெமரி போதாது என்று ஒரு வரி.

ஒன்பதாவது போர்டு செத்தது என்று நினைத்து, அதை முதலாவதாக நம்பர் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் எட்டு. பத்தாவதை நடுவில் வைத்தேன். எட்டு. இப்படியே மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் கரண்டை நிறுத்தி, கதவு திறந்து, கழற்றி, செருகி, முதுகு நிமிராமல் வியாழக்கிழமை போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் மத்தியானம் வரை அதே எட்டு. எந்தப் போர்டை எங்கே மாற்றினாலும் எல்லாமே நல்லதாகத்தான் இருந்தன. ஆனால் எட்டுக்கு மேல் போகவில்லை.

பெரியம்மா இரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கொருதரம் கொப்பி கலக்கிக் கொண்டுவருவாள்.

"எட்டுக்கு மேல எண்ணத் தெரியலயா அதுக்கு? அப்ப ஒங்கூடப் படிச்சதா இருக்கும்."

வாயில் வரும் பதில்கூடக் களைத்துப்போகும் என்று அன்றுதான் தெரிந்தது. "விட்டுரலாமா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். அதற்கு மேல் எப்படி விடுவது?

பத்தையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பினேன். "முதல்லேர்ந்து படிங்கய்யா," என்றேன்.

கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நான் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு சரி. ஏழு சரி. அடுத்த போர்டைக் கையில் எடுத்தேன்.

"ஒம்பது: மேல, கீழ, கீழ, மேல."

சரியாகத்தான் வைத்திருந்தேன். கீழே வைக்கப் போனவன் நின்றேன்.

"ஐயா, ஏழுக்கு அப்பறம் என்னா?"

"ஒம்பது."

"எட்டு எங்க?"

கிராணி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது நாம போடறதில்லயேப்பா," என்றார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் எஸ்டேட் லயத்தில் எட்டாம் நம்பர் வீடு கிடையாது. எட்டு சனியின் எண், அதில் யாரும் குடியேற மாட்டார்கள் என்பதால் ஏழுக்கு அடுத்த கதவில் 7A என்று எழுதி, அதற்கடுத்தது ஒன்பது. பெரியம்மா வீடு 7A, எங்கள் வீடு 9. கிராணி முப்பது வருஷமாக அப்படியே படித்து, அவர் நாக்கு எட்டைத் தாண்டப் பழகிவிட்டது. காகிதத்தில் எட்டு கொட்டை எழுத்தில் இருந்தும் கண் அதைக் கண்டுகொள்ளவில்லை. சரி, அவர் வயசானவர். நான்? ஏழாம் நம்பரை வைத்துவிட்டு அடுத்து ஒன்பதை வைத்தபோது எனக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட வரவில்லையே. போர்டை இடம் மாற்றியபோதெல்லாம் இருந்த நம்பர்களையேதான் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மெஷின் சுழியத்திலிருந்து ஏழு வரை எட்டுப் பேரை எண்ணி, எட்டைக் கூப்பிட்டு, யாரும் வாய் திறக்காததால் இரண்டு நாளாகப் பெரட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தது. ஒன்பதும் பத்தும் பின்னால் தேமே என்று நின்றன.

"ரெண்டு நாளா என் உசுர வாங்குனது நீங்க ரெண்டு பேருமா?" என்றாள் பெரியம்மா. "நான் பாவம் அந்த மெஷினத் திட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

கிராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "போட்டுத்தான் ஆவணுமா தம்பி? வெள்ளிக்கெழம அதுவுமா..."

"போடலன்னா இவங்க பொறக்கவே இல்லய்யா."

பத்து என்று வைத்திருந்த போர்டில் ஒரே ஒரு பொத்தானைக் கீழே தள்ளினேன். பத்து எட்டானது. எல்லாவற்றையும் செருகிக் கரண்டு போட்டபோது கிராணி கண்ணை மூடிக்கொண்டார். நான் கிண்டல் செய்யவில்லை, நானும் மூடியிருந்தேன். பெரியம்மாதான் சொன்னாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.

"பத்து போட்டிருக்குடா."

புத்தகம் திறந்தது. அவள் அம்மா பேரைக் கொடுத்துத் தேடினோம். மெஷின் ரொம்ப நேரம் முனகிவிட்டு ஒரு வரியைக் காட்டியது. அப்பா பேர், அம்மா பேர், லயம், பிறந்த நாள், மருத்துவச்சி பேர். குழந்தையின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெண்' என்று மட்டும் இருந்தது.

கிராணி படித்துச் சொன்னதும் பெரியம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "பேரு இல்லயா?"

"பேரு வெக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டாங்கம்மா."

"அப்ப இது நான்தான்னு எப்டி நம்புவாங்க?"

பிறந்த நாள் ஐசியோடு ஒத்துப்போகிறது, அம்மா அப்பா பேரும் சரி என்று கிராணி விளக்கினார். அவள் தலையாட்டினாள், ஆனால் கை திரையை விட்டு வரவில்லை. திரையைப் போனில் படம் எடுத்தேன். பச்சை எழுத்து ஆடியதால் சரியாக விழாமல் பதினைந்து தடவை எடுத்தேன். துரை படத்தைப் பார்த்துக் கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். மெஷினை நிறுத்தினேன். சனிக்கிழமை லோரி வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தானா ராத்தா பதிவு ஆபீஸுக்கு அவளைக் கூட்டிப்போனேன். கௌண்டரில் இருந்த அம்மா படத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோனார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். திரும்பி வந்து மனுவில் முத்திரை குத்தி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "துங்கு" என்றார். காத்திருக்கச் சொல்கிறார். இது நான்காவது மனு. முத்திரை விழுந்தது இதற்குத்தான்.

அது நடந்து பல மாதமாகிவிட்டது. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறோம். போன தடவையும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே பதில் வந்தது. திரும்பி வரும்போது திரிங்காப் தாண்டி முட்டைக்கோஸ் லோரி ஒன்று எங்கள் காருக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. பெரியம்மா சீட்டை மடித்துப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"உள்ள யாராச்சும் படிச்சிருப்பாங்களாடா?"

"படிச்சிருப்பாங்க. எட்ட உட்டுட்டுப் படிக்கிற ஆளா இல்லாம இருந்தா சரி."

என் மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. லயத்து வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தியவள், திரும்பக் குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அடுத்த மாசம் என்னிக்குப் போவலாம்?"

"புதங்கெழம. அன்னிக்கித்தான் கடைக்கு ஆளு வராது."

"வேற நாளைக்கு மட்டும் வருதாக்கும்," என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேட்டில் ஏறினாள்.