ஸ்டிக்கர் செய்தவள் என் மகள்

அமீர்பேட்டில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று முற்பகல், பாதி வகுப்பில், மகளின் வகுப்பாசிரியை போன் செய்தார். "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல மேடம். ஆனா இப்பவே வரணும்" என்றார் ஆங்கிலத்தில். அதற்கு மேல் போனில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்றால் எதற்கு இப்பவே? பள்ளி இருக்கும் ஹப்சிகுடா வரும்வரை மெட்ரோவில் அந்தக் கேள்விதான். எட்டாம் வகுப்புப் பெண். பஸ்ஸில் யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா? இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதது அதனால்தானா? வெளியூரில் டிரெயினிங்கில் இருந்த கணவரை அழைத்தேன், எடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு என்னென்ன பயம் வருமோ எல்லாம் வந்தது. என் பெண் இன்னொருத்தியை நோகடித்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் வரவேயில்லை.

பள்ளியில் ஒரு சிறிய அறையில் ஆசிரியை தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருந்த சாட் குரூப்பிலிருந்து எடுத்த படங்கள். எல்லாம் ஸ்டிக்கர்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண். வாய் பாதி திறந்திருக்கிறது, கண் இறுக மூடியிருக்கிறது. தலைக்கு மேல் சுற்றும் வட்டம். கீழே 'லோடிங்'.

அந்தப் பெண்ணுக்குத் திக்குவாய். பிரேயரில் ஒருநாள் அவள் செய்தி வாசித்திருக்கிறாள். பள்ளி அதை வீடியோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டது. அதிலிருந்துதான் வெட்டியிருக்கிறார்கள். இப்போது நான்கு நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பில் ஒரே ஒருத்தி மட்டும் ஆசிரியையிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தேன். "என்னட்டி இது?"

"நான் மேக் பண்ணேன், அவ்ளோதான்மா. எல்லாரும்தான் அனுப்பினாங்க."

 என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "டீசி குடுத்துருவீங்களா?" என்பதுதான். அந்தப் பெண் எப்படியிருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொண்ணோட அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க, நாங்க வேற ஸ்கூல் பாத்துக்கணுமான்னு" என்றார் ஆசிரியை. "யாரும் போக வேணாம். வீட்டு போன்ல நடக்கிறது நம்ம விஷயம் இல்லன்னு நாங்களும் இருந்துட்டோம். வீடியோவைப் போட்டதே நாங்கதான். இனிமே பிள்ளைங்களக் கேக்காம எதுவும் போடறதா இல்ல."

கிளம்பும்போது, போனைப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "பிடுங்கிட்டா, நாளைக்கு அவளுக்கே இப்படி நடந்தாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டா. கூட உக்காந்து பாருங்க."

மாலையில் மகளோடு உட்கார்ந்து அவள் போனைப் பார்த்தேன். அந்த ஸ்டிக்கர்களுக்கு மேலே, எங்கள் வீட்டு குரூப்புக்கு அவள் முன்பு செய்தவை இருந்தன. வாய் பிளந்து தூங்கும் என் தம்பி. முறுக்கைக் கடிக்க முடியாமல் முழிக்கும் என் சித்தி. அவற்றுக்குச் சிரித்து, பத்துப் பேருக்கு அனுப்பியவள் நான்தான். "இதுக்கு நீதான சூப்பர்னு சொன்ன?" என்று கேட்டாள் மகள். "சொன்னேன். அதுவும் தப்புதான்" என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் ஆசிரியை வகுப்பில் யார் செய்தது என்று கேட்கவில்லையாம். யாரெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெரியவர்களிடம் சொன்னது யார் என்று அவர் கேட்கவேயில்லை, சொன்னவளைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். இனி இப்படி ஏதாவது பார்த்தால் பேர் வெளியே வராமல் யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டிலிருந்து மூன்று டீச்சர்களைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அந்தப் பெண் வரவில்லை. ஐந்தாம் நாள். ஆறாம் நாள். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட்பேன், "வந்தாளா?" "நஹி, வரல." அந்தப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டால்? வகுப்பெடுக்கும்போதும் இதே நினைப்பு. அவள் அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கேட்காமல் யாரும் மன்னிப்பு என்று போய் நிற்கக்கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எட்டாம் நாள் வந்தாள். என் மகளிடம் பேச வேண்டும், எல்லார் முன்னாலும் வேண்டாம், அம்மாக்கள் மட்டும் இருக்கட்டும் என்றாளாம். அதே அறையில் நால்வரும் ஆசிரியையும் உட்கார்ந்தோம். அவள் இந்தியில் பேசினாள். ஒரு சொல்லுக்காக எல்லாரும் காத்திருந்தோம்; யாரும் முடித்துக்கொடுக்கவில்லை.

"நீ எ... என் பக்கத்துலதான உ... உக்காந்த? கைக்கு?"

'கைக்கு' என்றால் இந்த ஊர் இந்தியில் 'ஏன்'. அவர்கள் ஒரே பெஞ்சு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு நல்லா இருந்துச்சு" என்றாள் என் மகள், மெதுவாக. "சாரி."

 "நான் இ... இன்னும் மன்னிக்கல" என்றாள் அந்தப் பெண். அவள் அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

ஒரே வகுப்பில் இருக்க முடியாது என்று அவள் கேட்டுக்கொண்டதால் செக்‌ஷன் மாற்றினார்கள். அவளை அல்ல, என் மகளை. அது எனக்கு வலித்தது. நியாயம் என்றும் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஸ்டிக்கர்களில் ஒன்று டியூஷன் குரூப்பில் முளைத்தது. வேறெங்கோ யாரோ வைத்திருந்திருக்கிறார்கள். என் மகள்தான் முதலில் பார்த்தாள். முகம் வெளிறிப்போய்ப் போனைக் கொண்டுவந்து காட்டினாள். "நானே டீச்சர்கிட்ட சொல்றேன்மா. ஆனா நீயும் வா."

மறுநாள் காலை வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவளோடு போனேன். இன்னும் எத்தனை போன்களில் அந்த முகம் இருக்கிறதோ, எங்களுக்குத் தெரியாது.