தங்கச்சியின் ரத்தம்

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் கஜபதிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, எலும்பு மஜ்ஜை கொடுத்தது தங்கை அகல்யாதான். அதன்பின் அவன் ரத்தப் பிரிவே அவளுடையதாக மாறிப்போனது. "இனிமே உனக்குப் பொங்கல் சீர் செஞ்சா எனக்கே செஞ்ச மாதிரிதான்" என்று அவளைக் கேலி செய்வான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சென்னீர்குப்பத்தில் லாரி மோதி அவள் போய்விட்டாள்.

அதிலிருந்து கஜபதி பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பான். "இங்க ஓடிக்கிட்டுதான் இருக்கா" என்பான். மனைவி புஷ்பா அவன் விரலை மெல்ல எடுத்துவிடுவாள்.

மாசியில் அவன் உடம்பெங்கும் சிவப்பாகத் தடித்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மங்களம் வாசலோடு நின்றுகொண்டாள்.

"ஆத்தா வந்துகீறா புஷ்பா. மருந்து, மாத்திரை எதுவும் குடுத்துறாத. கோவிச்சுக்குவா."

புஷ்பா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். மஜ்ஜை மாற்றியதிலிருந்து வேளை தவறாமல் அவன் விழுங்கிவந்த மாத்திரைகளையும் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள்.

ஆனால் இந்த அம்மை விநோதமாக இருந்தது. எங்கும் நீர் கோக்கவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் அனலில் வாட்டியதுபோல் சிவந்து உரிந்தன. கண்கள் மஞ்சளாயின. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன் பட்டப்பகலில் பேச ஆரம்பித்தான்.

"தள்ளிப் போ அகல்யா. என்னைத் தெரியலையா உனக்கு?"

அறையில் வேறு யாருமில்லை. புஷ்பா ஆட்டோ கூப்பிட்டாள்.

"ஆத்தா ஊட்ல இருக்கசொல்ல வாசப்படி தாண்டுவாங்களா?" என்று மங்களம் மறித்தாள்.

"இவர் போயிட்டா, ஆத்தாளை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ண?"

மருத்துவமனையில் டாக்டர் சபீனா அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"அம்மைன்னு நெனச்சு நிறுத்திட்டேன்" என்றாள் புஷ்பா.

"இது அம்மை இல்லம்மா. உள்ள இருக்கறது இவர் தங்கச்சியோட அணுக்கள். அதுங்களுக்கு இவர் உடம்பு அந்நியம், அடிக்கத்தான் பார்க்கும். அந்த மாத்திரைதான் அதைப் பிடிச்சு வெச்சிருந்தது. அதையும் மீறித் தடிச்சப்பவே வந்திருக்கணும்; நிறுத்தினதும் முத்திடுச்சு."

ஸ்டீராய்டு நரம்பு வழியாக இறங்கியது. சிவப்பு மெல்லத் தணிந்தது. கண் வெளுக்க வெகுநாள் ஆனது. ஈரல் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

இப்போது மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் புஷ்பா அவன் மணிக்கட்டில் விரல் வைக்கிறாள். "இது உன் அண்ணன்தாம்மா" என்று மெதுவாகச் சொல்கிறாள். சில நாள், விரலுக்கடியில் துடிப்பு ஒரு கணம் நிற்கிறது, காது கொடுத்துக் கேட்பதுபோல. பிறகு மறுபடி ஓடுகிறது.