எடுக்காத வரி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எண்ணை அமுக்கினால் திறக்கும் வீட்டுப் பூட்டுகள் செய்கிற கம்பெனி அது. பூட்டுக்குள் ஓடும் புரோகிராமை மற்றவர்கள் எழுதுவார்கள். வெளியே அனுப்புமுன் வரிவரியாகச் சலித்துப் பார்ப்பது அவள் வேலை. இருபது வருஷமாகக் கண்கொத்திப் பாம்பாய் உட்கார்ந்திருந்தாள். ஒரு கமா தப்பினாலும் ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்கள் எதிரே வந்தால் கைகட்டுவார்கள்.

தம்பியையும் அங்கேதான் சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. ஒரு சாயங்காலம், சோதித்துப் பார்ப்பதற்காக, எந்தப் பூட்டையும் திறந்துவிடும் ஓர் எண்ணைப் புரோகிராமில் போட்டான். அதே வரியின் ஓரத்தில், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் குறிப்பாக, "நாளைக்கு எடுத்துடறேன், திட்டாதே அக்கா" என்று தட்டிவிட்டு பைக்கை எடுத்தான். நாளைக்கு என்று எழுதாத புரோகிராம்காரன் உலகத்தில் கிடையாது; அந்தத் தொழில் ஓடுவதே அந்த வார்த்தையில்தான். மற்றவர்களுக்கெல்லாம் மறுநாள் வந்தது. அவனை வழியிலேயே ஒரு லாரி முடித்துவிட்டது. வயது இருபத்தாறு.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தவள் அந்த வரியைப் பார்த்தாள். எடுக்க அரை நிமிஷம் போதும். கை வரவில்லை. புரோகிராம் கம்பெனியின் நாலு சுவருக்குள்தானே இருக்கிறது, எண் யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வருஷம் போகப்போக அவன் எழுதிய மற்றதையெல்லாம் யார் யாரோ மாற்றி எழுதினார்கள். எந்த வரியை யார் எழுதியது என்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே காட்டும்; அந்த ஒற்றை வரியில் மட்டும் அவன் பெயர் நின்றது. ஊரார் தப்பையெல்லாம் சலித்தவள், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதைப் பார்த்தாள், சரி என்று கையெழுத்துப் போட்டாள். இப்படியே ஆறு வருஷம்.

ஒரு திங்கட்கிழமை எல்லாம் தெருவுக்கு வந்தது. வேலையை விட்டுப்போன ஒருவரின் பாஸ்வேர்டை ரத்து செய்ய மறந்திருக்கிறார்கள். அது யார் கையிலோ சிக்கி, மொத்தப் புரோகிராமும் இணையத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். புரோகிராமும் சொல்தானே. புதன்கிழமைக்குள் அந்த எண்ணை வைத்துத் திருடர்கள் நாலு வீட்டைத் திறந்துவிட்டார்கள். கதவில் ஒரு கீறல் கிடையாது. நாலாவது வீட்டில் தனியாக இருந்த வயதான தையல்காரரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்; இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அந்த எண் இருந்த வரியைக் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிட்டது. மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க தம்பி பேர்தாம்மா வருது." அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அறிக்கையில அவரையே போட்டுடலாம். இல்லாதவரை யாரு வந்து கேக்கப் போறாங்க? உங்க வேலையும் தப்பிக்கும்."

செத்தவன் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம். அவள் தலையசைத்தால் போதும். நாளைக்குப் பேப்பரில், நாலு வீட்டைத் திறந்துவிட்டவன் என்று தம்பியின் பெயர் வரும். வாய் திறந்து மறுக்க அவன் இருக்க மாட்டான்.

"எடுத்துடறேன்னுதான் அவன் எழுதியிருக்கான் சார். அவனுக்கு மறுநாள் கிடைக்கல. எனக்கு ரெண்டாயிரம் நாளுக்கு மேல கிடைச்சுது. தெரிஞ்சேதான் விட்டு வச்சேன். என் பேரைப் போடுங்க."

"யோசிச்சு சொல்லுங்கம்மா. வேலை போயிடும்."

"போகட்டும் சார். அந்த வரியை மட்டும் நானே எடுத்துட்டுப் போறேன்."

எடுத்தாள். அந்த இடத்தில் புது வரி எழுதிச் சேர்த்ததும், பக்கத்தில் அவள் பெயர் வந்து உட்கார்ந்தது. முழுப் புரோகிராமிலும் தம்பியின் பெயரைத் தேடினாள். எங்கும் இல்லை என்றது கம்ப்யூட்டர். அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் அம்மா கேட்டாள்:

"அப்போ அவன் எழுதினது எதுவுமே இனிமே இல்லையாடி?"

"இருக்கும்மா. திருடங்ககிட்ட இருக்கு. அவங்க அழிக்க மாட்டாங்க."

அம்மா மடித்த துணியைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.