தாய்மாமன்களுக்கு மெமரி பத்தவில்லை

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொடுப்பார், நான் ஷீட் ஷீட்டாக அடுக்கித் தருவேன். முகூர்த்தம், ஊஞ்சல், ரிசப்ஷன் எல்லாம் என் பழைய கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டாமல் திறக்கும். தாய்மாமன் சீர் ஷீட்டுக்கு வந்தால் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் அந்த ஷீட்டில் ஒருத்தரைக்கூட விட முடியாது. தட்டு தூக்கி வந்த ஒவ்வொருவரும் தட்டோடு தெரிய வேண்டும். விட்டுப்போன மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடுத்த விசேஷத்துக்கு அவரை அழைப்பதே பெரிய பாடு. அதனால் படத்தின் மேல் படமாக ஏற்றிக்கொண்டே போவேன். இந்த முறை மங்கலம்பேட்டையிலிருந்து மாமன்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள்.

ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். "அக்கா, வெள்ளிக்கிழம ஆல்பம் முடிஞ்சி வரணும். இந்த தடவையும் லேட்டுன்னா தப்பா நெனைக்காதீங்க, புது மெஷின் வாங்கியிருக்கேன், இங்கயே ஆள் போட்டுக்கறேன்." இந்த வேலை என் கையால் நான் உண்டாக்கிக்கொண்டது. அதை ஒரு ஷீட்டுக்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"மெமரி பத்தல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு மெமரி என்றால் போனில் படம் வைக்கிற இடம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாங்கள் சில்வர் பீச்சில் எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, "இப்ப பாரு, பறக்கும்" என்றார். பறக்கவில்லை. படங்களைக் குப்பைத்தொட்டியிலிருந்து திரும்ப எடுத்து வைத்துவிட்டு, ஓடுகிற வேலையை விரித்துப்போட கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரேமைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். சென்னையில் கம்பெனி வேலை, லீவு நாளில் கம்ப்யூட்டர் கேம். "பழசக் கழட்டிப் போட்டுட்டு ஸ்பீடு ரேம் போடுக்கா. அளவு இதே அளவுதான், ஆனா வேகம் ஜாஸ்தி. லைட்டு கூட எரியும்" என்றான்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சான் சொல்லி இவர் தட்டியதில்லை, நான் சொல்லித்தான் தட்டுவார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சீர் ஷீட்டைத் திறந்தேன். ரேம் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் கோடு மேலே போய் முட்டி நின்றது, கம்ப்யூட்டரும் நின்றது. "எங்க சமையல் மேடைய பாத்திருக்க இல்ல? ரெண்டு பாத்திரம் வச்சா மூணாவதுக்கு எடமில்ல. அங்க நான் கைய எவ்ளோ வேகமா ஆட்டினாலும் சோறு சீக்கிரம் ஆவுமா? எனக்கு வேகம் வேணாம், எடம் வேணும். பழசு இருக்கட்டும், பக்கத்துல இன்னொண்ணு."

தம்பி விடவில்லை. "அந்த இன்னொண்ணாவது ஸ்பீடா வாங்கேன்க்கா. மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"பழசு பக்கத்துல போட்டா புதுசும் பழசு வேகத்துக்குத்தான் ஓடும்" என்றேன். "நானும் உங்க மாமாவும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கற மாதிரி."

தம்பி சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை.

மறுநாள் நானே கடைக்குப் போய், பழசுக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி வந்து, காலியாக இருந்த பள்ளத்தில் அழுத்திப் பொருத்தினேன். சீர் ஷீட்டைத் திறந்தேன். மெதுவாக, ஒரு மாமன் விடாமல், எல்லாரும் தட்டோடு வந்து நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பென் டிரைவோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஸ்டூடியோக்காரர் ஷீட் ஷீட்டாகப் பார்த்தார், குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் படத்தைக் கொடுக்கவே மறந்துவிட்டார்களாம், இப்போது அனுப்பியிருக்கிறார்களாம்.

"அதுக்கென்ன, இங்கயே சேத்துடலாம்" என்று தன் புது மெஷினில், பார்க்க மட்டும் செய்த பிரதியை விட்டு, படங்கள் அடுக்கடுக்காக இருக்கும் சீர் ஷீட்டைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஸ்பீடுக்குன்னே பாத்து வாங்கினதுக்கா இது" என்றார், அதை ஒரு தட்டுத் தட்டி.

"ஸ்பீடு இருக்குங்க. மாமாவுக்குத்தான் எடம் இல்ல" என்றேன். "படத்த அனுப்புங்க. வீட்டுக்குப் போனதும் சேத்து அனுப்பிடறேன்."

அவர் மெஷினை அணைத்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, அடுத்த இரண்டு கல்யாணங்களின் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆள் போடுகிற பேச்சே எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் டிக்கெட் வாங்கக்கூட மறந்துவிட்டேன், கண்டக்டர் இரண்டு தரம் கேட்டார். வீட்டிலிருந்து இவர் போன் செய்தார். "மச்சான் கேக்கறான், என்னா ஆச்சுன்னு."

"எடம் பத்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.